பசறையில் குறைந்த ஒன்றேகால் அங்குலம்

வியாழன், காலை 5.10

வண்டி புறப்பட இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்போதே கொழும்புக் கோட்டை நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். முந்திப் போனால் வண்டி முந்தி வெளிக்கிடாது என்று மனைவி சொல்லித்தான் அனுப்பினாள். கேட்கிற நிலையில் நான் இல்லை. மூன்றாம் வகுப்புச் சீட்டு ஏழு ரூபாய்ச் சொச்சம். பதுளை வரை நூற்றெண்பத்தொரு மைல். கையில் ஒரு தோல் பை. அதற்குள் மாற்று உடுப்பும், பிஸ்கட் டப்பா ஒன்றில் சுருட்டி வைத்த நாலு வாத்தியத் தந்திகளும்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கடற்கரையோரத்து ஹோட்டல் ஒன்றில், நடனத்துக்கு வாசிக்கும் பேண்டில் நான் பதினெட்டு வருடமாக டபுள் பேஸ் வாசிக்கிறேன். பார்த்திராதவர்களுக்காக: பிடிலை ஆறடி உயரத்துக்கு வளர்த்தால் எப்படி இருக்குமோ அதுதான். நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் நின்றுகொண்டு, விரலால் சுண்டி வாசிக்க வேண்டும். கிட்டாரில் இருப்பதுபோல விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் கம்பிகள் இதில் கிடையாது. எந்தச் சுரம் எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரிந்திருக்க வேண்டும். ஒரு நூல் தள்ளிப் போனாலும் சுருதி போய்விடும்.

என் பழைய பேஸ் கடல் காற்றிலேயே கிழடாகிவிட்டது. போன கார்த்திகையில் அதன் மேல்பலகை உள்வாங்கத் தொடங்கியது. இரண்டு மாதத்துக்கு முன் ஆட்டத்தின் நடுவில் 'டொக்' என்று உட்கார்ந்தே விட்டது; அன்று முதல் எனக்கு மேடை இல்லை. வெளிநாட்டில் இருந்து வரவழைக்கலாம் என்றால் வாத்தியங்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. இதற்குள் ஹோட்டலுக்குப் புதிய பேண்ட் மாஸ்டர் வந்துவிட்டார். அவர் குரலை உயர்த்தாமல் பேசுகிற மனிதர்; அது இன்னும் பயம். "சனிக்கிழமை எட்டு மணிக்கு உன் சொந்த பேஸோடு மேடையில் நில். வாசிப்பைக் கேட்கிறேன். சரிவராவிட்டால் கண்டிக்காரர் ஒருவர் தயாராக இருக்கிறார்" என்றார்.

இந்த இலங்கையில் கையால் டபுள் பேஸ் செய்கிற ஒருவர் இருக்கிறார், பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தச்சர் என்று எங்கள் டிரம்காரர்தான் சொன்னார். பேஸ் நோயில் விழுந்த போன கார்த்திகையிலேயே அவருக்குக் கடிதம் எழுதி, முன்னூற்றைம்பது ரூபாய்க்குப் பேசி முடித்திருந்தேன். வாத்தியம் தயார் என்று போன வாரம்தான் தபால் அட்டை வந்தது. என் பிழைப்பு முழுவதும் இந்த மூன்று நாளில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

வியாழன், பகல்

ரயிலில் சும்மா இருக்கத் தெரியாத பிறவி நான். றம்புக்கனைக்குப் பிறகு வண்டி மலை ஏறத் தொடங்கியதும் மாட்டு வண்டி வேகத்துக்கு வந்தது. இறங்கி நடந்தால் முந்திப் போகலாம் போலிருந்தது. என் இடக்கை விரல்கள் ஜன்னல் சட்டத்தில் தாமாகவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. எதிரே இருந்தவர் பண்டாரவளையில் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து ஆசிரியர். நாவலப்பிட்டி வரை பொறுத்துப் பார்த்தார்.

"தம்பி என்ன உத்தியோகம்?"

"ஹோட்டலில பேஸ் வாசிக்கிறன், மாஸ்டர்."

"அது சரி. உத்தியோகம் என்ன?"

தலவாக்கலையில் இறங்கி ஒரு பிளேன் டீ குடித்தேன். பத்துச் சதம். வண்டி ஊதுமோ ஊதாதோ என்று ஒரு கால் பெட்டியிலும் ஒரு கால் பிளாட்பாரத்திலுமாகக் குடித்ததில் பாதி சட்டையில்.

நானுஓயாவில் மழை. பட்டிப்பொளையில் பக்கத்து மலையே தெரியாத மூடுபனி. அங்கிருந்து ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தால், சொன்னால் நம்பமாட்டீர்கள், வெயில்! ஆடி மாதத்தில் அந்தச் சுரங்கம் ஒரு கதவு. மேற்கே ஈரம், கிழக்கே ஊவா மாகாணப் பக்கம் காய்ந்த காற்று. அப்புத்தளையில் வண்டியின் இரண்டு பக்கமும் பள்ளம். எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிடம் தாமதம். தெமோதரையில் தண்டவாளம் ஒரு வட்டம் போட்டுத் தன் வயிற்றுக்குக் கீழேயே நுழைந்து போகிறது. வேறு நாளாக இருந்தால் கைதட்டியிருப்பேன். அன்றைக்கு, நேராகப் போனால் என்ன என்றுதான் தோன்றியது.

பதுளையில் இறங்கியபோது மாலை நாலு முக்கால். அங்கே அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருக்கும் மைத்துனர் வீட்டில் தங்கினேன். முதியங்கணை விகாரையையும் அருவியையும் காட்டுகிறேன் என்று பாவம், எவ்வளவோ கேட்டார். அடுத்த முறை என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளி, காலை 6.30

பதுளையில் இருந்து பசறை பன்னிரண்டு மைல். பஸ்ஸுக்கு அறுபத்தைந்து சதம். வளைவு எண்ணிக்கொண்டு போனேன். ஐம்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். பசறைக் கடைத்தெருவில் லுணுகலைக்குப் போகிறவர்கள் அதே பஸ்ஸில் இருக்க, நான் இறங்கித் தேயிலைக்கு நடுவே மூன்று மைல் ஏறினேன். தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஏன் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

தச்சர் வேலாயுத ஆசாரிக்கு ஐம்பது வயது இருக்கும். நெட்டையான ஆள். தொழிற்சாலையின் கதவு, ஜன்னல், கொழுந்து வாட்டும் தட்டுகள் எல்லாவற்றுக்கும் அவர்தான் வைத்தியர். பத்து வருடத்துக்கு முன் துரைமாரின் கிளப்பில் ஒரு நடன விருந்தில் பேஸ் ஒன்று படியில் உருண்டு விழுந்தது. ஒட்டித்தா என்று பெரிய துரை அதைச் சாக்கில் கட்டி அனுப்பினாராம். ஆசாரி ஒட்டுவதற்கு முன் முழுவதையும் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தேயிலைப் பெட்டிப் பலகையில் வரைந்து வைத்துக்கொண்டார். அன்று தொடங்கியது. நுவரெலியாவுக்கு இரண்டு, கண்டிக்கு மூன்று, பதுளைக்கு ஒன்று. என்னுடையது ஏழாவது.

"வாங்க சார். நேத்தே ஓடியாந்துருவீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"முடிஞ்சுதோ? நான் பார்க்கலாமோ?"

"மொதல்ல தண்ணி குடிங்க."

தண்ணீரைக் குடிக்காமலே உள்ளே போய்விட்டேன். கொழுந்து வாட்டும் மேல்மாடியின் மூலையில், கூரைச் சரிவுக்குக் கீழே அது நின்றது. பழைய தொழிற்சாலையை இடித்தபோது கழற்றிய சீமைப் பைன் மரத்து உத்தரங்களில் இருந்து மேல்பலகை. முதுகும் பக்கமும் தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக். மீன் செதில் மாதிரி மினுங்கியது. விரல் ஓடும் பலகை கருங்காலி. வெப்பக் காற்று வீசும் இந்த மாடியில் பலகையை மூன்று வருடம் போட்டுக் காயவைத்த பிறகுதான் உளியைத் தொடுவாராம். பக்கப்பலகைகளை, தேயிலை காயவைக்கும் அடுப்பின் சூட்டுக் குழாயில் ஈரத்துணி போட்டு அழுத்தி வளைக்கிறார். இதெல்லாம் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீ மேக்கர் கண்ணை மூடிக்கொண்டிருப்பதால் நடக்கிற காரியம். தோட்டத்தின் பெயரை ஏன் மறைத்தேன் என்று இப்போது விளங்கும்.

தந்திகளைக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் கட்டி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆசாரி ஒவ்வொன்றாக, கால் சுற்று முறுக்குவார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"எல்லாத்தையும் ஒரே மூச்சுல ஏத்தினா நெஞ்சு அமுங்கிப்போயிரும் சார். பாரம் தாங்கப் பழகணும்."

"எவ்வளவு நேரமாகும்?"

"அதுக்குத் தெரியும்."

நான் மாடியை நீளவாக்கில் நடந்து அளந்தேன். நூற்றுப் பதினாறு அடி. இருபத்தாறு தடவை நடந்தேன். பின்னேரம் மூன்று மணிக்குத் தேயிலைப் பெட்டிகளோடு லொறி பதுளை ஸ்டேஷனுக்குப் போகும். அதில் பேஸை ஏற்றினால்தான் சனிக்கிழமை காலை வண்டியைப் பிடிக்கலாம். ஆசாரியோ பல் குத்திக்கொண்டிருக்கிறார்!

வெள்ளி, காலை 11.20

கடைசியில் "தொட்டுப் பாருங்க" என்றார்.

விரல் எதுவும் வைக்காமல், தடித்த தந்தியைச் சும்மா சுண்டினேன். அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? காதுக்கு வருமுன் உள்ளங்காலுக்கு வந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. கீழே தேயிலை அரிக்கும் அறையில் பெண்களின் பேச்சு நின்றது. பதினெட்டு வருடத்தில் இப்படி ஒரு சத்தம் என் கையில் இருந்து வந்ததில்லை. சந்தோஷத்தில் ஆசாரியைக் கட்டிப் பிடித்திருப்பேன். அவர் கையில் சூடான வச்சிரப் பசை இருந்தது.

பிறகு வாசிக்கத் தொடங்கினேன். முதல் இரண்டு சுரம் பரவாயில்லை. மூன்றாவது ஏறி நின்றது. மேலே போகப் போக இன்னும் ஏறியது. உச்சிக்குப் போனபோது பூனை வாலை மிதித்த மாதிரி. திரும்ப வாசித்தேன். திரும்பவும் பூனை.

"ஆசாரியார், இதில ஏதோ பிழை."

ஆசாரி என்னையே பார்த்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அதைத்தான் அவர் நினைத்திருப்பார். அடிக்கோலை எடுத்துத் தந்தியின் தொடக்கத்தில் இருந்து குதிரை வரை அளந்தார். குதிரை என்பது தந்திகளைத் தூக்கி நிறுத்தும் மரத்துண்டு.

"நாப்பத்தொன்னேகால்."

"என்ர பழைய பேஸ் நாற்பத்திரண்டரை!"

ஒன்றேகால் அங்குலம் குறைவு. என் விரல்கள் பழைய நீளத்துக்குப் போய் விழுகின்றன. தந்தி அவ்வளவு நீளம் இல்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆசாரி அங்குலக் கணக்கை நம்பாதவர். ஒவ்வொருத்தர் அடிக்கோலும் ஒவ்வொரு மாதிரி, ஆகவே எண் எழுதி அனுப்ப வேண்டாம் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தார். ஒரு கயிற்றைப் பழைய வாத்தியத்தின் மேல் இழுத்துப் பிடித்து, தந்தி தொடங்கும் இடத்தில் ஒரு முடிச்சு, குதிரையில் ஒரு முடிச்சு போட்டு அனுப்பச் சொன்னார். நானும் கடையில் புதுப் பருத்திக் கயிறு வாங்கி, மனைவியை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, பிசகாமல் முடிச்சுப் போட்டுத் தபாலில் அனுப்பினேன்.

ஆசாரி ஆணியில் தொங்கிய அந்தக் கயிற்றை எடுத்துப் புது பேஸின் மேல் இழுத்தார். முடிச்சுக்கு முடிச்சு, மயிரிழை பிசகவில்லை.

"கயிறு உங்களது. முடிச்சு உங்களது" என்றார். "நான் கூட்டவுமில்ல, கொறைக்கவுமில்ல."

"நான் சரியாத்தான் கட்டி அனுப்பினனான்!"

சண்டை ஏறுவதற்குள் ஆசாரியின் மனைவி பாக்கியம் மேலே வந்துவிட்டாள். கீழே தேயிலை அரிக்கிறவள். முந்தானையில் தேயிலைத் தூள். கயிற்றை வாங்கி விரலால் நெரித்துப் பார்த்தாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"கார்த்திகையில. அடமழை. தபால் பை நனஞ்சு, ஈரமாத்தான் வந்துச்சு. அடுப்புக்கிட்ட காயப்போட்டேன்."

"நல்லா காயப்போட்டீங்க. புதுக் கயித்த நனச்சுக் காயவச்சா சுருங்காதா? துணி காயப்போடுற எந்தப் பொம்பளைய கேட்டாலும் சொல்லுவா."

நாங்கள் இருவரும் விழித்தோம். பாக்கியம் விடவில்லை. மூட்டை கட்டும் புதுக் கயிற்றில் ஒரு துண்டு வெட்டி, பேஸின் மேல் வைத்து இரண்டு முடிச்சுப் போட்டாள். வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிந்தாள். கீழே கொண்டுபோய்ச் சூட்டுக் குழாயில் சுற்றினாள். கால் மணி நேரம் கழித்துக் கொண்டுவந்து திரும்ப வைத்தால், கிட்டத்தட்ட ஒன்றேகால் அங்குலம் காணாமல் போயிருந்தது.

இதற்கு முன் பேஸ் வாங்கிய ஆறு பேரும் நேரில் வந்து தங்கள் கயிற்றைக் கொடுத்தவர்கள். மழைக்காலத்துத் தபாலில் அனுப்பிய முதல் புத்திசாலி நான்தான். எண்ணை நம்பாமல் கயிற்றை நம்பியவர் அவர். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. யாரைத் திட்டுவது?

வெள்ளி, பகல் 1.00

ஆசாரி மூலையில் குந்தி, பேஸின் மேல்பலகையை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"குதிரைய ஒன்னேகால் அங்குலம் கீழ எறக்கலாம். உள்ள ஒரு சின்னக் கட்ட நிக்குது, அதையும் கூடவே தள்ளணும். நீளம் உங்க வெரலுக்குச் சரியா வரும். ஆனா அது நிக்க வேண்டிய எடம் அது இல்ல சார்."

"செய்யுங்கோ."

தந்திகளைத் தளர்த்தி, குதிரையை இறக்கி, மேல்பலகையில் உள்ள துளை வழியே வளைந்த கம்பி ஒன்றை விட்டு உள்ளே கட்டையை நகர்த்தி, மறுபடியும் கால் கால் சுற்றாக முறுக்கி முடிக்கும்போது இரண்டு மணி. நான் வாசித்தேன். சுரம் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். சுத்தம். ஆனால் சத்தம்? தலையணைக்குள் வாசித்த மாதிரி. கண்ணாடி அதிரவில்லை. உள்ளங்காலுக்கு ஒன்றும் வரவில்லை. ஆசாரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எழவு வீட்டுலகூட இதவிடச் சத்தம் இருக்கும்" என்றாள் பாக்கியம்.

"சும்மா இரு" என்றார் அவர். என்னிடம், "உங்க பொழப்பு சார். நீங்க சொல்றபடி செய்றேன். இல்லாட்டி இத விட்டுட்டுப் போங்க, வேற கழுத்து செஞ்சு மாத்தித் தாரேன். மூணு மாசம்" என்றார்.

மூன்று மாதம்! எனக்கு இருந்தது முப்பது மணி நேரம். புத்தியுள்ளவன் அந்தச் செத்த பேஸை வாங்கிக்கொண்டு போயிருப்பான். சுருதி சரியாக இருக்கும், பேண்ட் மாஸ்டருக்குக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் காலையில் கேட்ட சத்தம் என் உடம்பை விட்டுப் போகவில்லை. அதைக் கேட்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். இனி வாழ்நாள் முழுவதும் தலையணைக்குள் வாசிப்பதா? அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று இருந்தது அதுதான்.

"குதிரையைப் பழைய இடத்தில வையுங்கோ. விரலை நான் பார்த்துக்கொள்ளுறன்."

"எப்ப சார் பாப்பீங்க?"

"நாளைக்கு. ரயிலில."

பாக்கியம் கையைத் தட்டிச் சிரித்தாள். ஆசாரி சிரிக்கவில்லை. ஆனால் இந்தத் தடவை குதிரையை நகர்த்தும்போது அவர் கை வேகமாக ஓடியது. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளில் பேஸைச் சுற்றி, அதன் மேல் சாக்குப் போட்டுத் தைத்தார்கள். லொறி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. படியில் இறங்கும்போது ஆசாரி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்திருந்தோம்.

"நான் அளந்திருக்கணும் சார்" என்றார்.

சனி, காலை 5.50

டபுள் பேஸைப் பயணிகள் பெட்டியில் ஏற்ற விடமாட்டார்கள். ரயில் கார்டின் சாமான் பெட்டிதான். கார்ட் சிங்களவர், தலை நரைத்தவர். அட்டன் பக்கம் வளர்ந்ததால் தமிழ் நன்றாக வந்தது; ஐயா என்பதற்கு மட்டும் சிங்களத்து மாத்தயாதான்.

"இது சாமான் பெட்டி. ஆள் இருக்கக் கூடாது, மாத்தயா."

"நானும் இதுவும் ஒரே சாமான் எண்டு நினையுங்கோ."

விஷயத்தைச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் விரலைத் திருத்தாவிட்டால் வேலை போய்விடும் என்றேன். அவர் என்னையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோழிக் கூடைகளைத் தள்ளிவைத்து இடம் பண்ணினார். நான் சாக்குத் தையலைப் பிரித்தேன்.

பதுளை முதல் பண்டாரவளை வரை, இருபது மைல், நான் வாசித்தது சங்கீதம் அல்ல. கீழே இருந்து மேலே ஒவ்வொரு சுரமாக, பத்துத் தடவை, இருபது தடவை. விரல் பழைய இடத்துக்கே ஓடியது. கட்டின மாட்டை அவிழ்த்துவிட்டாலும் பழைய தொழுவத்துக்குத்தானே போகும். விரல் நுனி வீங்கியது. எல்ல என்ற ஊரின் பாலத்து மேல் வண்டி போகும்போது பள்ளத்தைப் பார்த்துச் சத்தமாகவே திட்டினேன். கோழிகள் கத்தின.

அப்புத்தளையில் கார்டுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரு பாட்டாவது வாசியுங்களேன். இது என்ன, ஏணியில ஏறி ஏறி இறங்குற மாதிரி!"

அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பைலாப் பாட்டு, துள்ளி ஆடுகிற சிங்களப் பாட்டு. அதைப் பாடினார், நான் கூட வாசித்தேன். அது நல்லதாய்ப் போயிற்று. பாடத் தொடங்கியதும் என் கண் விரலை விட்டுவிட்டது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கிப் பச்சைக் கொடி காட்டிவிட்டு வந்து, விட்ட இடத்தில் இருந்து பாடுவார். பட்டிப்பொளைச் சுரங்கத்துக்குள் இருட்டில் வாசித்தேன். நானுஓயாவில் அவர் ஆய்வாளராகவே மாறிவிட்டார்.

"அந்த இடம். அந்த இடத்தில கூடுது."

"எங்கே?"

"மேல போற இடத்தில. இன்னும் கீழ."

தலவாக்கலை, கொட்டகலை, அட்டன். சாப்பாட்டைப் பற்றி நினைக்கவில்லை. நாவலப்பிட்டியில் விரல் நுனி வெடித்து ரத்தம் வந்தது. கார்ட் தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டிவிட்டார். கடுகண்ணாவைச் சரிவில் வண்டி இறங்கும்போது காற்றில் ஈரம் ஏறியது. தந்தி தளர்ந்து சுருதி இறங்கியது. முறுக்கினேன். திரும்ப இறங்கியது. திரும்ப முறுக்கினேன். மலையில் காய்ந்த மரம் கீழ்நாட்டுக் காற்றை அப்போதுதான் முதல் தடவையாகக் குடிக்கிறது. பொல்காவலைக்குப் பிறகு கார்ட் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஏன் என்று கேட்டேன்.

"சொல்ல ஒண்ணும் இல்ல" என்றார்.

கோட்டையில் இறங்கும்போது மாலை நாலு இருபத்தைந்து. ஒரு கைவண்டிக்காரருக்கு இரண்டு ரூபாய் கொடுத்து, அவரோடு கூடவே ஓடிக் காலிமுகத் திடலைத் தாண்டி ஹோட்டலுக்குப் போனேன்.

சனி, இரவு 8.00

கண்டிக்காரர் ஏற்கெனவே வந்திருந்தார். சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேசையில், உறை போட்ட பேஸைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எலுமிச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், எழுந்து எனக்குத் தலையசைத்தார்.

முதல் மூன்று பாட்டும் சுகமாகப் போயின. ஆடுகிறவர்கள் காலடியைக் குனிந்து பார்த்தார்கள், அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று. நாலாவது பாட்டில் ஒரு நொடி எனக்குப் பெருமை வந்தது. அந்த நொடியில் விரல் பழைய இடத்துக்குப் போனது. சுரம் ஏறி, பூனை வாலை மிதித்தேன். பேண்ட் மாஸ்டர் திரும்பினார். முகத்தில் ஒன்றும் இல்லை. பாட்டு முடிந்ததும் பியானோவை நிறுத்தச் சொல்லிவிட்டு, "பேஸ் மட்டும், பதினாறு அடி" என்று கையைக் காட்டினார். அதாவது தாளத்தில் பதினாறு சுற்று நான் மட்டும் தனியாக.

வேண்டுமென்றே மேலே ஏறினேன், பிழை அதிகம் வருகிற உச்சிக்கே. கைக்குட்டைக் கட்டு ரத்தத்தில் ஊறியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குள் ஓடியது அந்த கார்டின் பைலாப் பாட்டுத்தான். உச்சியில் விரல் விழுந்த இடம் சரியான இடம். பதினாறு அடியும் ஒன்றும் பிசகவில்லை.

ஆட்டம் முடிந்தபோது பேண்ட் மாஸ்டர் என் பக்கமாக வந்தார்.

"திங்கட்கிழமை மூன்று மணிக்கு ஒத்திகை" என்றார். அவ்வளவுதான்.

கண்டிக்காரர் வந்து கை கொடுத்துவிட்டு, பேஸைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். வாசிக்காமலே திரும்பிப் போகிறாரே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து

ஆசாரிக்கு எழுதினேன். வேறு கழுத்து வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றேன். மேல்பலகை கொழும்பின் ஈரத்துக்குப் பழகிவிட்டது. பேஸின் துளைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனால் இன்னும் தேயிலை மணக்கிறது.

போன ஞாயிறு நீர்கொழும்பில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போனேன். பேஸை அவ்வளவு தூரம் இழுத்துப் போக மனமில்லாமல், அந்த ஊர்க்காரர் ஒருவருடையதை இரவல் வாங்கினேன். ஐரோப்பாவில் செய்த நல்ல வாத்தியம். தந்தியின் நீளம் சரியாக நாற்பத்திரண்டரை அங்குலம். பதினெட்டு வருடம் நான் கண்ணை மூடிக்கொண்டு வாசித்த அதே நீளம். வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி நினைத்துக்கொண்டு கையை வைத்தேன். எல்லாச் சுரமும் சுருதி இறங்கிக் கீழே விழுந்தன. பியானோக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று மாலை முழுவதும் ஒவ்வொரு சுரத்தையும் தேடித் தேடி, புதிதாகக் கற்றுக்கொள்கிறவனைப் போல வாசித்தேன்.

வந்து சொன்னபோது மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாற்பத்திரண்டரைக்குப் பழகி, பதினெட்டு வருடம் எங்களுக்குச் சோறு போட்ட கை அது. பதுளையில் என்னோடு வண்டி ஏறியது; கோட்டையில் என்னோடு இறங்கவில்லை. தலவாக்கலையிலோ அட்டனிலோ, எந்த ஸ்டேஷனில் இறங்கிப் போனது என்று எனக்குத் தெரியாது. நான் வாசித்துக்கொண்டே இருந்தேன், கவனிக்கவில்லை.